ஆஷ் கொலை முதல் சித்தூர் துப்பாக்கி உரிமம் வரை: '.32' தோட்டாவின் பின்னால் இருக்கும் ஜான் பிரௌனிங் யார்?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் எல்லா மாவட்டங்களிலும் ஒரு வேலை சத்தமில்லாமல் நடக்கும். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் பட்டியலை ஸ்கிரீனிங் கமிட்டி பார்க்கும். யாரெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்கிறார்களோ, அவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். சித்தூரிலும், 2022-ல் அதிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்திலும் இதே நடைமுறைதான்.

உரிமத்தில் துப்பாக்கியின் வகைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். கைத்துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் '.32'. ஏன் 32? அதே திருப்பதியில் பாதுகாப்புப் பணியில் நிற்கும் போலீஸ் அதிகாரியின் இடுப்பில் இருப்பது 9 மிமீ பிஸ்டல். அதை ஏன் சாதாரண ஆள் வாங்க முடியாது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், வழியில் திருநெல்வேலி பக்கம் மணியாச்சி ரயில் நிலையம் வருகிறது. கடைசியில் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்ப் பட்டறையில் போய் நிற்கிறோம். அந்தப் பட்டறைக்காரர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங்.

பட்டறையில் வளர்ந்த பையன்

பிரௌனிங் பிறந்தது 1855 ஜனவரி 23, ஆக்டன் என்ற ஊரில். அப்பா ஜோனதன் துப்பாக்கித் தச்சர், மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். மதப் பகை காரணமாக ஊர் ஊராக நகர்ந்து, கடைசியில் மேற்கே மலைகளுக்கு நடுவில் குடியேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். ஊரார் கொண்டுவரும் பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதுதான் குடும்பத் தொழில்.

பையனுக்கு விளையாட்டுச் சாமானே பட்டறைக் குப்பைதான். பத்து வயதில் உடைந்த இரும்புத் துண்டுகளை வைத்து ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். பதினைந்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. இன்ஜினியரிங் டிகிரி, டிராயிங் பயிற்சி எதுவும் கிடையாது. கடைசிவரை அவர் வேலை செய்த முறை ஒன்றுதான்: மனசுக்குள் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது, பிறகு நேராக இரும்பில் செதுக்குவது. வரைபடம் எல்லாம் அப்புறம்.

1879 அவருக்குப் பெரிய வருஷம். ஏப்ரலில் கல்யாணம், ஜூனில் அப்பா இறந்தார், அக்டோபரில் முதல் காப்புரிமை கிடைத்தது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு அந்த ஒற்றைக்குண்டு ரைஃபிளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். 1883-ல் வின்செஸ்டர் நிறுவனத்தின் பென்னட் ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த 19 வருஷம் வின்செஸ்டருக்கும் அவருக்கும் நல்ல உறவு. ஸ்டார்ட்-அப் உலகில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதாகவே தெரியும். அவர் கொடுத்த டிசைன்கள் எல்லாவற்றையும் வின்செஸ்டர் வாங்கியது, ஆனால் எல்லாவற்றையும் தயாரிக்கவில்லை. பலவற்றை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்தது. போட்டிக் கம்பெனிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

புல் அசைந்த நாள்

1889-ல் ஒருநாள் துப்பாக்கி சுடும் இடத்தில் பிரௌனிங் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் முனைக்கு முன்னால் இருந்த புல் சாய்ந்து நிமிர்ந்தது. வெடிமருந்து எரிந்து வெளியேறும் வாயுதான் அதைத் தள்ளியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அவருக்குத் தோன்றியது வேறு: இந்த விசை வீணாகப் போகிறதே, இதை வைத்தே துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள முடியாதா?

அதுவரை கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர். சுழலும் உருளையில் ஐந்தாறு தோட்டாக்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த உருளையைத் திருப்புவது உங்கள் விரலின் பலம்தான். செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் அந்த வேலையை வெடிப்பு செய்கிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. காலி உறையை வெளியே எறிவது, அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுவது, அடுத்த சுடுதலுக்குத் தயாராவது எல்லாம் துப்பாக்கியின் பொறுப்பு. விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த குண்டு போகும். அந்தக் காலத்தில் இதையே 'ஆட்டோமேட்டிக்' என்று விற்றார்கள். நிஜ ஆட்டோமேட்டிக் என்றால் விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பது. செய்திகளில் இன்றுவரை இந்தக் குழப்பம் தீரவில்லை. நாங்களும் எழுதியிருக்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தோட்டா வேறு, குண்டு வேறு. உறை, வெடிமருந்து, அடியில் பற்றவைக்கும் பகுதி, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும்தான்.

ஐரோப்பாவில் வேறு சிலரும் அப்போது தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்களைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவை பெரியவை, சிக்கலானவை. பிரௌனிங் கொண்டுவந்த முக்கியமான பாகம் 'ஸ்லைடு'. குழலைச் சுற்றி, பிடியின் மேல் முன்னும் பின்னும் ஓடும் உலோகக் கூடு அது. சினிமாவில் ஹீரோ துப்பாக்கியை எடுத்ததும் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து விடுவாரே, அதுதான். இன்றைக்குத் தயாராகும் பிஸ்டல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

சின்னத் தோட்டா, எளிய வழி

இந்த பிஸ்டலுக்காக அவரே ஒரு தோட்டாவையும் வடிவமைத்தார். அமெரிக்காவில் அதன் பெயர் .32 ஏ.சி.பி., ஐரோப்பாவில் 7.65 பிரௌனிங். இரண்டும் ஒரே தோட்டாதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு எண்ணுமே குண்டின் சரியான அளவு கிடையாது. .32 அங்குலம் என்றால் 8.1 மிமீ. குண்டின் விட்டம் சுமார் 7.9 மிமீ. உறையின் நீளம் 17 மிமீ, அதாவது உங்கள் சுண்டுவிரலின் கடைசிக் கணுவைவிடச் சின்னது. குண்டின் எடை சுமார் 4.6 கிராம்.

எடை குறைவு என்பதில்தான் சூட்சுமம். வெடித்ததும் வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது, அதே நேரம் உறையைப் பின்னால் தள்ளுகிறது. உறைக்குப் பின்னால் ஸ்லைடு இருக்கிறது. அது கனமானது, ஸ்பிரிங்கும் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆகவே மெதுவாகத்தான் நகரும். அது திறப்பதற்குள் குண்டு குழலைவிட்டுப் போயிருக்கும், அழுத்தமும் குறைந்திருக்கும். பூட்டு கிடையாது, கொக்கி கிடையாது. கனமும் ஸ்பிரிங்கும் போதும். பாகங்கள் குறைவு, விலை குறைவு, தட்டையாகச் சட்டைப் பையில் அடங்கும்.

பெரிய தோட்டாவுக்கு இந்த வித்தை செல்லாது. 9 மிமீ தோட்டாவின் குண்டு சுமார் 8 கிராம், வேகமும் அதிகம். .32 குண்டு சுமந்து போகும் ஆற்றல் 180 ஜூல் அளவு என்றால், இது 500 ஜூலுக்குப் பக்கம் வரும். அந்த அழுத்தத்துக்கு ஸ்லைடு சீக்கிரம் திறந்தால் சுடுபவர் கைக்கே ஆபத்து. அதற்கும் பிரௌனிங் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சேர்ந்தே கொஞ்ச தூரம் பின்னால் போகும். பிறகு குழல் சற்றுக் கீழே இறங்கி விடுபடும். ஸ்லைடு மட்டும் மீதி தூரம் ஓடும். ராணுவ பிஸ்டல்கள் அதிகமும் இந்த வழியில்தான் இயங்குகின்றன.

1897-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அவருடைய .32 பிஸ்டலைத் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. லீஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில், பெல்ஜிய ராணுவத்துக்கு ரைஃபிள் செய்துதர 1889-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. ஆர்டர் போதாமல் தவித்துக்கொண்டிருந்தது. 1900 மாடல் என்று அழைக்கப்பட்ட அந்த பிஸ்டலின் எடை சுமார் 625 கிராம், மேகசினில் 7 தோட்டா. தொழிற்சாலை பிழைத்தது. ஐரோப்பாவின் சில மொழிகளில் 'பிரௌனிங்' என்பதே பிஸ்டலுக்குப் பொதுப்பெயராகிவிட்டது, நம்மூரில் ஜெராக்ஸ் மாதிரி.

1902-ல் வின்செஸ்டரோடு உறவு முறிந்தது. தானே ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றுக்கு, இந்தமுறை மொத்தமாகப் பணம் வேண்டாம், விற்பனையில் பங்கு வேண்டும் என்றார் பிரௌனிங். பென்னட் மறுத்தார். அடுத்து ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோன செய்திதான் வந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி பெல்ஜியம் போய்விட்டார்.

மணியாச்சி, காலை 10.38

இப்போது ஒரு பட்டியல். 1904, ஹெல்சிங்கி: ஃபின்லாந்தின் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவ். 1909 அக்டோபர், ஹார்பின்: ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ. 1909 டிசம்பர், நாசிக்: கலெக்டர் ஜாக்சன். 1911 ஜூன், மணியாச்சி: கலெக்டர் ஆஷ். 1914 ஜூன், சரயேவோ: ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்ட். பத்தே வருஷம், ஐந்து ஊர்கள். ஐந்திலும் சுட்டது பிரௌனிங் பிஸ்டல், ஐந்திலும் சுட்டவர் ராணுவப் பயிற்சி பெற்ற சிப்பாய் அல்ல.

இது தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய ரிவால்வரைவிட மறைப்பது சுலபம், உதைப்பு குறைவு, பழகச் சில நாள் போதும். ஐரோப்பிய நகரங்களில் கடையிலேயே கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலோ 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அதனால் கடத்தல்தான் வழி. லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை ஒருவர் மூலம் இந்தியாவுக்கு அனுப்பினார். நாசிக் வழக்கில் அது வெளிவந்தது. தெற்கே, பிரிட்டிஷ் போலீஸ் கை எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரி இருந்தது.

செங்கோட்டை வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறை ஊழியர், வயது இருபத்தைந்து. நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசியக் குழுவில் சேர்ந்தவர். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. குறி ஆஷ். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் வ.உ.சி.யையும் ஒடுக்கியதில் முன்னால் நின்ற அதிகாரி.

1911 ஜூன் 17. திருநெல்வேலியில் காலை 9.30 ரயில் ஏறிய ஆஷும் மனைவியும், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். 10.38-க்கு மணியாச்சி. போட் மெயில் வரப் பத்து நிமிஷம் இருக்கிறது. முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிய வாஞ்சி, பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங்கை எடுத்து ஆஷின் மார்பில் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிவறைக்குள் போய், அதே பிஸ்டலால் தன் வாயில் சுட்டுக்கொண்டார். எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது.

சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டு விடுதலையும் சனாதன தர்மமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை மாட்டிறைச்சியோடும் சாதியோடும் சேர்த்து இழித்திருந்தார். வாஞ்சியைப் பற்றி இன்றைக்கு சோஷியல் மீடியாவில் வரும் சண்டை எல்லாம் அந்தக் கடிதத்திலிருந்துதான். என் பார்வையில் அவருடைய தியாகத்தைச் சொல்பவர்கள் கடிதத்தை மறைக்கக் கூடாது. கடிதத்தைச் சொல்பவர்கள் 1908-ல் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் செத்த நான்கு பேரை மறக்கக் கூடாது.

ஆஷ் வழக்கில் 14 பேர் மேல் குற்றச்சாட்டு. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்காக நின்ற வக்கீல்களில் ஒருவர் டி. பிரகாசம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது அதன் முதல் முதலமைச்சர் இவர்தான். சித்தூரும் அன்று அந்த மாநிலத்தோடு போனது.

1911-ல் இன்னும் இரண்டு தேதிகள். மார்ச் 29 அன்று பிரௌனிங்கின் .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதற்கான சோதனையில் 6,000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டுத் தள்ளியது அது. எம்1911 என்ற பெயரில் எழுபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 1-ம் தேதி, சென்னை மாகாணத்தில் சித்தூர் என்ற புதிய மாவட்டம் உருவானது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. தேதிகளோடு மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவளுக்கு இப்படி எதுவாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பத்து லட்சமாவது பிஸ்டல்

1914 ஜனவரியில் எஃப்.என். ஒரு விழா எடுத்தது. பத்து லட்சம் பிரௌனிங் பிஸ்டல்கள் தயாரித்ததைக் கொண்டாட. பெல்ஜிய மன்னர் சார்பில் பிரௌனிங்குக்கு வீரத்திருத்தகை விருது. மேசையில் உட்கார்ந்திருந்தவர் வழுக்கைத் தலை, மீசை, அதிகம் பேசாத உட்டா மனிதர்.

ஐந்து மாதம் கழித்து சரயேவோவில் பிரின்சிப் சுட்டது அதே எஃப்.என். தொழிற்சாலையின் 1910 மாடல். அதற்கு அடுத்த ஆகஸ்டில் ஜெர்மன் ராணுவம் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. முதலில் தாக்கிய நகரம் லீஜ். விழா நடத்திய தொழிற்சாலை ஆக்கிரமிப்பில் போனது.

ஒரு பிஸ்டலால் உலகப் போர் வந்தது என்று எழுதுவது அபத்தம். கையில் வேறு துப்பாக்கி இருந்திருந்தால் பிரின்சிப் அதால் சுட்டிருப்பார். ஆனால் பிரௌனிங் வாழ்க்கையைப் பற்றி வந்த புத்தகங்கள் விருதை விரிவாகச் சொல்லி, ஜூன் மாதத்தை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்கு உறுத்துகிறது. சுடுவதை எளிதாக்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட இன்ஜினியரிங் பிரச்சினை. அதை மிக நன்றாகவே தீர்த்துவிட்டார். யாருக்கு எளிதாகிறது என்பது அந்தப் பிரச்சினைக்குள் வரவில்லை.

அமெரிக்கா போரில் இறங்கியதும் அவருடைய இயந்திரத் துப்பாக்கிகள், தானியங்கி ரைஃபிள், எம்1911 மூன்றின் உரிமைக்கும் சேர்த்து அரசு 7.5 லட்சம் டாலர் தந்தது. சாதாரணக் கணக்கில் ராயல்டி இதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். மகன் வால், அப்பாவின் ரைஃபிளோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்.

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் மகனின் அறையில் இருந்தபோது நெஞ்சுவலி. அங்கேயே இறந்தார். வயது 71. காப்புரிமைகள் 128.

மேசையில் மிச்சமிருந்தது

அவர் இறந்தபோது முடியாமல் கிடந்தது ஒரு 9 மிமீ பிஸ்டல். அதன் காப்புரிமை அடுத்த வருஷம்தான் வந்தது. தொழிற்சாலையின் டியூடோன்னே செய்வ் என்ற வடிவமைப்பாளர் வருஷக்கணக்கில் உழைத்து 1935-ல் முடித்தார். 13 தோட்டா பிடிக்கும் 'ஹை பவர்'. இரண்டாம் உலகப் போரில் கனடாவில் தயாரானது. பிறகு இந்தியா, மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில், 'பிஸ்டல் ஆட்டோ 9 மிமீ 1ஏ' என்ற பெயரில் அதையே தயாரித்தது. ராணுவமும் மாநிலப் போலீஸ்களும் பல பத்தாண்டுகளாக வைத்திருப்பது இதைத்தான். அண்மையில் புதிய மாடல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.

முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான். படையும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் கொள்கை. திருடினாலும் தோட்டா பொருந்தாது, பொருந்தினால் வழக்குதான். 1959 ஆயுதச் சட்டமும் அந்தப் பிரிவினையைத் தொடர்கிறது. 9 மிமீ தடைசெய்யப்பட்ட வகை, .32 தடைசெய்யப்படாத வகை. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் 'அஷானி' பிஸ்டல் .32-ஆக இருப்பது இதனால்தான். உள்ளே போவது பிரௌனிங் வடிவமைத்த அதே 7.65 தோட்டா.

ஒரு எச்சரிக்கை. அரசு தயாரிக்கும் ரிவால்வர் உரிமத்திலும் '.32' என்றே இருக்கும். அது வேறு தோட்டா. உறை நீளமானது, அடியில் விளிம்பு அகலமானது. ஒன்றுக்கான துப்பாக்கியில் இன்னொன்றைப் போடக் கூடாது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துச் செய்தி எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

1928-ல் லாகூரில் பகத் சிங் சுட்டது .32 கோல்ட் பிஸ்டல். 1931-ல் அலகாபாத் பூங்காவில் சந்திரசேகர ஆசாத் கையில் இருந்ததும் .32 கோல்ட். இரண்டுமே பிரௌனிங் டிசைன்தான். ஆசாத்தின் பிஸ்டல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மணியாச்சி ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இன்று 'வாஞ்சி மணியாச்சி'. பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் ஆஷ். ஆக்டனில் பிரௌனிங்.

சித்தூரில் உரிமம் வேண்டுவோர் படிவத்தில் என்ன ஆபத்து, ஏன் துப்பாக்கி வேண்டும் என்று காரணம் எழுத வேண்டும். போலீஸ் அறிக்கை வரவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தலுக்கு ஒப்படைத்ததை முடிவுகள் வந்தபின் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.